பிடரியில் பச்சை விளக்கு

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் ஒரு துக்க வீட்டுக்குப் போனால், வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிடரியில் பச்சை விளக்கு எரியும். அவை பதிலிகள், ஆளுக்குப் பதிலாகப் போய்வரும் இயந்திரப் பொம்மைகள். உரியவரின் சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் குரலிலேயே அழுதுவிட்டு, வீடு திரும்பிச் சுருக்கம் சொல்லும். கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் அதே ஏற்பாடுதான். யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பதிலியிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதுமில்லை. நாற்காலியோடு யார் பேசுவார்கள்?

குடிநீர்த் தொட்டியின் கண்காணிப்பாளர் குருசுமுத்துவும் ஒன்று வைத்திருந்தார். மகள் ரெஜினா பட்டம் வாங்கிய விழாவுக்கு அதுதான் போனது. இப்போது அவள் ஆறாம் குடியிருப்பில் வேலை பார்க்கிறாள். மனைவி இறந்தபிறகு, ஞாயிறுதோறும் ரெஜினாவின் பதிலி வந்து சோபாவில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும். அவள் சிரித்து அவர் நேரில் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஜெயசிங் என்ற இளைஞன் படம் எடுக்கத் தொட்டியைக் கேட்டு வந்தான். கல்லூரிப் பையன்கள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அலைச்சறுக்கு ஆடும் சிரிப்புப் படம். பெயர், 'அலைக்கு அரியர் கிடையாது'. எடுப்பவன், நடிப்பவர்கள் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. பழைய தகர அலமாரிக் கதவுதான் சறுக்குப் பலகை. தொட்டியின் பம்பை விட்டு விட்டு ஓட்டினால் அலை.

"ஒரு சொட்டு குறையக் கூடாது தம்பி" என்றார் குருசுமுத்து. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகர்கள் வரிசையாக நின்று தலைமுடி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் தொட்டிக்குள்ளேயே பிழிந்துவிட்டுப் போனார்கள். அவர் கூடவே நின்று பார்த்தார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பையன்களைத் துரத்திவரும் கல்லூரி முதல்வர் பலகையில் ஏறித் தண்ணீரில் விழவேண்டும். வாடகைக்கு வந்த ரோபோ விழவே மாட்டேன் என்றது.

"விழுடான்னா சர்க்கஸ் காட்டுது அண்ணாச்சி! பேலன்ஸ் அதோட ரத்தத்துலயே ஊறியிருக்கு."

"அதுக்கு ஏதுடே ரத்தம்? மொதல்ல அந்தக் கதவை வெளிய எடு, தண்ணி பூரா துரு" என்று பலகையைப் பிடுங்கப் போனவர் வழுக்கினார். செவ்வாயில் எதுவும் மெதுவாகத்தான் விழும். கைகளைக் காற்றாடிபோலச் சுழற்றியபடி, ஜெயசிங்கின் பரம்பரையையே திட்டி முடிக்கும்வரை விழுந்துகொண்டிருந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நீங்கதான் பிரின்சிபால்!"

முதல் திரையிடலுக்கு மகளைப் போனில் கூப்பிட்டார். "உங்கப்பன் விழுறதைப் பாத்தா நீ வயிறு வலிக்கச் சிரிப்பே. நீயே வருவியாம்மா?"

"பாக்கேன்ப்பா. சீட்டு மட்டும் பக்கத்துலயே போட்டு வைங்க."

'பாக்கேன்' என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவரும் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைதான். இருந்தும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

அரங்கம் நிறைந்தது. வரிசை வரிசையாகப் பச்சை விளக்குகள். கடைசியில் அவருக்குப் பக்கத்து நாற்காலியிலும் ஒன்று வந்து அமர்ந்தது. ரெஜினாவின் முகம், ரெஜினாவின் நீலச் சுடிதார். அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

படம் ஓடியது. எல்லாம் ஒரே நொடியில் சிரித்தன. ஒரே நொடியில் நிறுத்தின. பக்கத்தில் மகளின் குரல் அளந்து சிரித்தது. அவர் விழும் காட்சி இடைவேளைக்குப் பிறகுதான். அதையும் இப்படி ஒரு சிரிப்போடு பார்க்க அவருக்குத் தெம்பில்லை. எழுந்துபோனால் ஜெயசிங் வருத்தப்படுவான். வீட்டிலிருந்த தன் பதிலியை வரவழைத்துத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நடந்தார். குடியிருப்பின் கண்ணாடிக் கூரைக்கு வெளியே புழுதிப் புயல் அடங்கிக்கொண்டிருந்தது.

கஞ்சியைச் சூடாக்கிக் குடித்து முடிக்கையில் பதிலி திரும்பி வந்து சுருக்கம் சொன்னது.

"படம் நன்று. ரெஜினா வந்தார். சிரித்தார். சென்றார்."

"அவ பொம்மைதானே வந்துச்சு?"

"அது இடம் பிடிக்க. காலைச் சரக்கு வண்டியில் அனுப்பியிருக்கிறார். சொல்லாமல் வந்து நிற்க நினைத்தாராம். புயலில் ரயில் தாமதம். இடைவேளை முடிந்ததும் ஓடி வந்தார், அதை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்."

பேருந்து இருக்கையில் துண்டு போடுவதுபோல. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தத் துண்டே சொல்லியிருக்கும்.

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டார். நீங்கள் பதிவுசெய்து வைத்த பதிலைச் சொன்னேன்." பதிலி அவர் குரலுக்கு மாறியது: "அப்பாவுக்குக் கொஞ்சம் வேலையிருக்கும்மா. அப்புறம் பேசுறேன்."

குருசுமுத்து மெல்ல உட்கார்ந்தார். "அவ சிரிச்சதைப் போடு."

"சுருக்கத்தில் ஒலி சேமிக்கப்படுவதில்லை."

"பொறவு என்ன செஞ்சா?"

"படம் முடியும்வரை என் தோளில் சாய்ந்திருந்தார்."

அவர் எழுந்து வந்து அதன் தோளைத் தொட்டார். அவருடைய பழைய சட்டைதான். உள்ளங்கை அளவுக்கு ஈரமாக இருந்தது.

"இது சிரிச்சதுல வந்த தண்ணியா, இல்ல..."

பதிலி தேடிப் பார்த்தது. "அது சுருக்கத்தில் இல்லை."

தொட்டியில் ஒரு சொட்டும் குறைய விடாதவர், அந்தச் சட்டையைக் கழற்றிப் பிழியாமல் மடித்து வைத்தார்.