மாதா சுவரில் பதினோரு தகரங்கள்

எர்மெலிந்தாவின் வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து ஒன்பதாவது நாள். காலைப் பூசைக்குப் போனவள் திரும்பி வந்த வேகத்தில் வாசற்கதவு சுவரில் மோதி, திரும்பி வந்து அவளையே அடித்தது. அதற்கும் மருமகள்தான் காரணம்.

“காசில்டா! வெளியே வாடி! ஊரே பார்க்குற சுவத்துல என்னைக் கொண்டுபோய் மாட்டியிருக்கியே... நீ நல்லா இருப்பியா?”

காசில்டா மக்காச்சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். “கண்ணு நல்லாத் தெரியுதா அத்தை?”

“தெரியுது! புதுக் கண்ணால கோயில்ல முதல்ல பார்த்ததே என் மூக்கைத்தான்! அது மூக்கா அது? குடமிளகாய்!”

மகன் ஃபிதென்சியோ தலை குனிந்து பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் சேர்ந்த ஒரே கட்சி பீன்ஸ் கட்சி.

மெக்சிகோவில் குவானஹுவாத்தோ மலைப்பக்கம் எங்கள் ஊரில், ஆபத்திலிருந்து தப்பியவர்கள் அந்த ஆபத்தைத் தகரத்தில் வரைந்து, பெயர், தேதியோடு நன்றி எழுதி, மாதா சுவரில் மாட்டுவார்கள். மற்றவர்கள் மாடு முட்டியதையும் பஸ் கவிழ்ந்ததையும் வரைந்தார்கள். காசில்டா காலைச் சாப்பாட்டை வரைந்தாள்.

அதற்கு முன் மூன்று வருடமாக அவளுக்குத் தூக்கமில்லை. கை நடுங்கும். நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும். யார் என்பதும் அவளுக்குத் தெரியும். சுகாதார நிலையத்தில் மாத்திரை தீர்ந்துபோயிருந்த ஒரு நாள், “மனசுல இருக்குறதை வரைஞ்சுதான் பாரேன்” என்றாள் நர்ஸம்மா. எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, பக்கத்துக் கடைக்காரர் தூக்கிப் போட்ட மிச்சப் பெயிண்ட்டில் ஒரு படம் போட்டாள். அன்று எட்டு மணி நேரம் தூங்கினாள்! அடுத்த முறை மாமியார் கத்தியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த முகத்தின் சிவப்புக்கு எதை எதோடு கலப்பது என்று யோசித்தாள்.

“உங்கம்மா தையல் மெஷினை வித்துப் பெயிண்ட் வாங்கினவதானே நீ!” எர்மெலிந்தா விடவில்லை. “ஞாயித்துக்கிழமை திருவிழா. அதுக்குள்ள அத்தனையும் கீழ இறங்கணும். பிரஷ்ஷை அடுப்புல போடணும். முடியாதுன்னா உங்கண்ணன் வீட்டுக்குக் கிளம்பு!”

நாத்தனார் ஒப்துலியா மூக்கை உறிஞ்சினாள். “பெத்தவளுக்கு நான் பணம் கட்டிக் கண்ணு வாங்கிக் கொடுத்தேன் அண்ணி... நீங்க அந்தக் கண்ணுலயே குத்துறீங்களே!”

காசில்டா அவள் பக்கம் திரும்பினாள். வாய் திறந்தது. மூடியது. பல மாதங்களாக இல்லாத நடுக்கம் கைக்கு வந்துவிட்டது.

“கழட்டிடுறேன் அத்தை... ஆனா பிரஷ்ஷை மட்டும் கேக்காதீங்க. அது இல்லேன்னா நான் செத்துருவேன்.”

“செத்தா அதையும் வரைவே!”

மாட்டிய கையேதான் கழட்ட வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். மூன்று பெண்களும் போனார்கள். கழட்டும் முன் ஒவ்வொன்றையும் வாசித்து மறுப்பது என்று மாமியார் முடிவு செய்திருந்தாள்.

“பொய்! நான் எங்கடி தட்டை வீசினேன்?”

“வீசினீங்க அத்தை. நீலத் தட்டு.”

“அது கை நழுவினது!”

“வாசல் வரைக்கும் நழுவிச்சு அத்தை.”

பத்துத் தகரங்களுக்கும் சண்டை போட்டு, பதினொன்றாவதற்கு வந்தாள். ஓர் ஆள் தையல் மெஷினைத் தோளில் தூக்கிப் போகிறான். பின்னால் கண்ணில் கட்டோடு ஒரு கிழவி, தன் மகளை முத்தமிடுகிறாள். எர்மெலிந்தா சத்தமாகத்தான் ஆரம்பித்தாள்.

“மாதாவே நன்றி. என் அம்மாவின் மெஷின் போனது, அத்தைக்குப் பார்வை வந்தது. நல்ல பெயரை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். நான் வாய் திறக்காமலிருக்க நீ துணை...”

சத்தம் அங்கே நின்றது.

“ஒப்துலியா... இது பொய்யின்னு சுவத்தைத் தொட்டுச் சொல்லு.”

ஒப்துலியா கூரையைப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

“ஏண்டி காசில்டா எங்கிட்ட சொல்லல?”

“மருமக தயவுல எனக்குப் பார்வை வேண்டாம்னு படுத்துருப்பீங்க அத்தை. அதான் மெஷின் வித்த பணத்தை இவகிட்ட கொடுத்து அனுப்பினேன்.”

நியாயமான பதில். அதனால் எர்மெலிந்தாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

“ஆணியிலருந்து கையை எடு! எல்லாம் அங்கேயே கிடக்கட்டும். மூக்கை மட்டும் சரி பண்ணு.”

திருவிழாவன்று ஊரே அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தது. எர்மெலிந்தா அதற்கு நேர் கீழே, முதல் பெஞ்சில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை சமையலறைக்கு வந்தாள். “ஒரு தகரம் கொடு. உன்னைப் பத்தி மாதாகிட்ட சொல்ல எனக்கும் நிறைய இருக்கு.”

ஒரு மணி நேரம் அந்த வீட்டில் சத்தமே இல்லை. யாராவது செத்துவிட்டார்களா என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். காசில்டாவும் மெல்லக் குனிந்து பார்த்தாள்.

“கழுதையா அத்தை?”

“தையல் மெஷின்டி அது!”

படத்தின் கீழே ‘மாதாவே’ என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் எழுத வராமல் கிழவியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. காசில்டா அந்தக் கையைப் பிரஷ்ஷோடு சேர்த்துப் பிடித்தாள்.

“அழாதீங்க அத்தை...”

“யாருடி அழறது? ஆபரேஷன் பண்ணின கண்ணு! தண்ணி வரும்னு டாக்டரே சொன்னாரு!”

ஆபரேஷன் வலது கண்ணில்தான். தண்ணீர் இரண்டிலும் வந்தது.