சேமிக்காத கோப்பு

காலையில் ஒன்பது ஜிபி காலியாக இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஏழு. யாரும் தொடாத கம்ப்யூட்டரில் இடம் எப்படிக் குறையும்? லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏழுகூட இல்லை, ஆறே முக்கால்.

ஐந்து மணிக்குள் வீடியோவில் பேசும் மென்பொருளை ஏற்றியாக வேண்டும். தூர தேசத்தில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது, பேத்தியின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. அவரிடம் இருப்பதோ பழைய பொத்தான் போன். கம்ப்யூட்டர் மனைவியுடையது. கூட்டங்களிலும் விசாரணைகளிலும் பதிவான பேச்சைக் கேட்டு, அப்படியே எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவள் தொழில். எட்டு மாதத்துக்கு முன் இதே நாற்காலியில், அடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. இன்று காலையில்தான் மகள் சொல்லச் சொல்லத் அதில் தன் பெயரில் தனியாக ஒரு கணக்குத் திறந்தார்.

கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் ஆகாது. முப்பது வருடம் லிஃப்டோடு மல்லுக்கட்டியவர். பொத்தானை அழுத்தினால் வேலை நடக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. திரையில் எது எழும்பினாலும் ஆம் என்று அழுத்திவிடுவார். "படிச்சுட்டு அழுத்துங்க" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

வெளியே மழை. ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, சில சமயம் மடமடவென்று, சில சமயம் நின்று யோசித்துவிட்டுத் தொடர்வதுபோல. அவள் மணிக்கட்டுக்குத் தடவிய தைலத்தின் வாசனை மேஜையை விட்டு இன்னும் போகவில்லை.

மூன்றாம் முறையும் ஏற்றம் பாதியில் நின்றது. 'வேறொருவர் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்' என்றது திரை.

"அது அம்மாவோட லாகின்ப்பா," என்றாள் மகள் போனில். "எட்டு மாசமா திறந்தே கிடக்கு. உள்ள போய் என்ன ஓடுதுன்னு பாருங்க. பாஸ்வேர்டு என் பிறந்தநாள்தான்."

உள்ளே போனார். அவளுடைய ஒலிப்பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, மேஜை மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டுச் சத்தத்தையெல்லாம் பதிவுசெய்து பதிவுசெய்துதான் இடம் நிரம்பியிருக்கிறது. அட, இவ்வளவுதானா என்று மூச்சு விட்டார். பக்கத்தில் ஒரு எழுத்துக் கோப்பு திறந்திருந்தது. தலைப்பில்லை, சேமிக்கப்படவும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் பக்கம்.

அவள் வழக்கமாக அடிக்கும் முறைதான். பேசுகிறவருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். காதில் விழாத இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'கேட்கவில்லை'.

குரல் 1: உனக்கும் சேர்த்து டீ போட்டுட்டேன் பாரு.

குரல் 2: பரவாயில்ல, வச்சிட்டுப் போங்க.

குரல் 1: (அழுகை)

குரல் 2: ஏங்க, இங்கதானே இருக்கேன்.

அவர் இன்னொரு முறை படித்தார். குரல் 1 அவர்தான். ஆளில்லாத வீட்டில் அவர் புலம்பியது ஒன்றுவிடாமல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பதிலும் இருந்தது.

கடைசிப் பக்கத்துக்குப் போனார். எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. சொட்டும் சத்தத்தின் அதே வேகத்தில். அது தகரத்திலிருந்து வரவில்லை. கீபோர்டிலிருந்து வந்தது. அதன் பொத்தான்கள் அசையவில்லை.

குரல் 2: பாப்பா யார் மாதிரி இருக்காளாம்? கேளுங்களேன்.

பயத்தையும் மீறி ஒரு சந்தோஷம் எழுந்தது. "நீயா?" என்றார்.

"அப்பா? யார்கிட்ட பேசறீங்க? மணி அஞ்சாகப் போகுது, பாப்பா தூங்கிடுவா."

அடுத்த வரி வரத் தொடங்கியது. 'குரல் 2: நான்தா'. அதன் மேல் ஒரு பெட்டி எழும்பி மறைத்தது. ஆம், இல்லை. அவள் எழுத்தைப் படிக்கும் அவசரத்தில் பெட்டியைத் தள்ளப் பார்த்தார்.

ஆம்.

அழுத்திய பிறகுதான் படித்தார். 'ஏற்றம் தொடர இந்தக் கணக்கு மூடப்படும். சேமிக்காதவை அழிந்துவிடும்.'

திரை கறுத்தது. தட்டும் சத்தம் நின்றது. மழை மட்டும் பெய்தது.

"போயிடுச்சும்மா," என்றார்.

"அப்போ ஏறிடும்ப்பா. நான் வீடியோல கூப்பிடறேன்," என்று மகள் போனை வைத்தாள்.

இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாம் முறை மனைவியின் கணக்குக்குள் மீண்டும் நுழைந்தார். வெள்ளைப் பக்கம். எட்டு மாதமும் போயிற்று. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சத்தமே இல்லாமல் எழுத்துகள் வந்தன.

குரல் 2: ஏங்க?

குரல் 2: எங்க இருக்கீங்க? ஒரே இருட்டா இருக்கு.

"இங்கதான்! இங்கதான் இருக்கேன்!"

குரல் 1: (கேட்கவில்லை)

மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார்.

குரல் 1: (கேட்கவில்லை)

குரல் 2: யாராவது இருக்கீங்களா?

திரையின் ஓரத்தில் மகளின் அழைப்பு அடிக்கத் தொடங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

குரல் 3: நான் இருக்கேன்.

குரல் 2: நீங்கதானா?

குரல் 3: ஆமா. இந்தப் பக்கம் வா.

குரல் 1: (கேட்கவில்லை)

குரல் 1: (கேட்கவில்லை)

குரல் 2: இதோ வர்றேங்க.