மஞ்சள் மழைச்சட்டை

"வாலே! சீக்கிரம் வாலே!" என்று கத்திக்கொண்டே மூங்கில் காட்டுக்குள் முன்னால் போன சுடலைமணி, ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஜெனிட்டா வந்தாள். அவளுக்குப் பின்னால் யாடிங் வந்தாள். தம்பி பேச்சிமுத்துவைக் காணவில்லை!

மூவரும் வந்த வழியே ஓடினார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், மலையேறுகிறவர்கள் அடையாளத்துக்குக் கட்டிவிட்டுப் போன துணி நாடாக்கள் கிளைகளில் தொங்கின. சிவப்பு நாடாக்கள் ஒரு பக்கம் போயின. வெளுத்துப்போன பழைய நாடாக்கள் இன்னொரு பக்கம், பள்ளத்தை நோக்கி இறங்கின. பள்ளத்துப் பாதையில்தான் பேச்சியின் ஷூ தடம் புதிதாகப் பதிந்திருந்தது.

யாடிங் அந்தத் தைவான் மலைகளில் நடந்து பழகியவள். சுடலைமணியோடும் ஜெனிட்டாவோடும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் முகம் செத்துப்போனது.

"அந்தப் பாதை போன புயலில் சரிந்துவிட்டது," என்றாள் ஆங்கிலத்தில். "கீழே இறங்கினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். நான் மீட்புப் படைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன். மழை வரப்போகிறது. இந்தக் குளிரில் ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தால் ஆள் பிழைக்கமாட்டான். விளிம்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள்!"

சொல்லிவிட்டு ஓடியே போனாள்.

சுடலைமணி ஜெனிட்டாவோடு அந்தத் தடத்தைப் பிடித்து நடந்தான். அப்பா இறந்தபின் வள்ளியூரிலிருந்து தம்பியை இங்கே வரவழைத்தது அவன்தான். "சீன மொழி படி, வேலை வாங்கித் தாரேன், வா" என்றான். பேச்சி வந்தான். அண்ணன் 'வா' என்றால் வருகிறவன், பாவம். வந்த பிறகு பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. கடையில் படத்தைக் காட்டிச் சாப்பாடு வாங்குவான். சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது தெருவே குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். இவனும் ஓடுவான். எல்லாரும் சிரிப்பார்கள், நல்ல மனிதர்கள்தான். ஆனால் யாரோடு என்ன பேச? நாள் முழுக்க அவன் நாலு பேரோடு நிற்பது அங்கே மட்டும்தான். "எனக்குப் பேச்சே மறந்துபோவும் போலிருக்குண்ணே" என்று ஒருநாள் சொன்னான். "எல்லாம் பழகிரும்லே" என்று அண்ணன் வாயை அடைத்துவிட்டான். மனசு மாறட்டும் என்று இந்த மலைப் பயணத்துக்கும் இழுத்து வந்தான். இதற்கும் தம்பி ஆசைப்பட்டுக் கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. முந்தின நாள் சாயங்காலம் அடிவாரக் கடையில் வாங்கிய மழைச்சட்டைகளை இருவரும் பையிலிருந்து எடுத்துத் தலையோடு மாட்டிக்கொண்டார்கள். மலிவான மஞ்சள் பிளாஸ்டிக், இப்போதுதான் உறையைப் பிரித்தார்கள்.

"பேச்சி! ஏலே பேச்சி! வாலே!"

பதில் இல்லை. மூடுபனி இறங்கிக்கொண்டே இருந்தது. பத்தடிக்கு அப்பால் மூங்கிலும் தெரியவில்லை. ஜெனிட்டா நாகர்கோவில்காரி, லேசில் அசராதவள். அவளே ஜெபம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

திடீரென்று அவள் சுடலைமணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணா, அந்தா! பேச்சியோட செவப்புப் பை!"

பனிக்குள் ஒரு மரத்தோரம் பேச்சி நின்றுகொண்டிருந்தான்! உயிரோடுதான் நின்றான்!

"பேச்சி! இங்க வா! வாலே இங்க!" சுடலைமணி இரண்டு கைகளையும் ஆட்டி அழைத்தான்.

பேச்சி திரும்பினான். இவர்களைப் பார்த்தான். அடுத்த நொடி, பேயறைந்தவன் மாதிரி ஓட்டமெடுத்தான்!

"எதுக்கு ஓடுகான்? நம்மளத்தானே பாத்தான்?" என்று அலறினாள் ஜெனிட்டா.

"நில்லுலே! அந்தப் பக்கம் போகாத! இங்க வா!"

இவர்கள் கூப்பிடக் கூப்பிட அவன் இன்னும் வேகமாக ஓடினான். கற்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு கூச்சல். பிறகு மழைச் சத்தம் மட்டும்.

சுடலைமணி முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். தம்பியைத் தன் குரலே தள்ளிவிட்டது போலிருந்தது அவனுக்கு.

அப்போது பின்னால் இன்னொரு அலறல்! யாடிங் மீட்புப் படைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தில் சாய்ந்துவிட்டாள். முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"கழற்றுங்கள்! முதலில் அந்தச் சட்டையைக் கழற்றுங்கள்!"

"ஏன்?" என்று கேட்ட ஜெனிட்டா, பேச்சி இவர்களைக் கண்டு ஓடியதைச் சொன்னாள்.

"எங்கள் மலைகளில் ஒரு கதை சொல்வார்கள். பனி இறங்கினால் மஞ்சள் மழைச்சட்டை போட்ட உருவங்கள் வரும். முகம் தெரியாது. தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லி, வா வா என்று கூப்பிடும். பின்னால் போனால் பள்ளம்தான். நேற்று நீங்கள் கடைக்குப் போனபோது உங்கள் தம்பிக்கு இதைச் சொன்னேன். பாவம், தனியாக இருந்தார். போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை."

அவள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அண்ணன் கடையில் நின்று அதே மஞ்சள் சட்டைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். விதி என்பதா, கிரகம் என்பதா?

இருவரும் சட்டைகளைச் சுருட்டி எறிந்தார்கள். குளிர் எலும்பில் இறங்கியது. "பேச்சி!" என்று கத்தப்போன சுடலைமணியின் வாயை யாடிங் பொத்தினாள்.

"கூப்பிடாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டுத்தான் ஓடினார். இன்னும் ஓர் அடி நகர்ந்தால் என்ன ஆகுமோ?"

சுடலைமணி விளிம்பில் குப்புறப் படுத்தான். கீழே மண் சரிந்து கிடந்தது. அடியில் ஆறு இரைந்தது. எங்கோ இடையில் விசும்பல் கேட்டது. இருக்கிறான்! ஆனால் எப்படிப் பேசுவது? என்ன சொன்னால் நம்புவான்?

பேய் வா என்றுதான் கூப்பிடும். யோசித்துப் பார்த்தால், அவனும் தம்பியிடம் அதை விட்டால் வேறு என்ன சொல்லியிருக்கிறான்?

"வராதலே!" என்று கத்தினான். "பேச்சி, வராத! அங்கனயே இரு! அசையாத! நான் வாரேன்!"

விசும்பல் நின்றது.

மூங்கில் தூர்களைப் பிடித்து, சேற்றில் உட்கார்ந்தபடியே இறங்கினான். ஒரு கல் காலடியில் பெயர்ந்தது. "அண்ணா, பாத்து!" என்று மேலிருந்து ஜெனிட்டா கதறினாள். அவன் நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் "அங்கனயே இரு, நான் வாரேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

ஒரு வேர்ப் பின்னலில் பேச்சி மாட்டிக் கிடந்தான். அதற்குக் கீழே வெறும் பள்ளம். வலது கால் கோணலாக மடங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"நீ அண்ணன்தானா?"

"தொட்டுப் பாருலே."

பேச்சி கையை நீட்டி அண்ணனின் கன்னத்தைத் தொட்டான். "சூடா இருக்கு," என்றான். பிறகு ஓவென்று அழுதான். சுடலைமணியும் அழுதான். மேலே ஏற்ற வழியில்லை. தம்பியை மார்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே கிடந்தான். இருட்டுவதற்கு முன் கயிறுகளோடு மீட்புப் படை வந்துவிட்டது. அவர்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் பேச்சி ஒருமுறை நடுங்கினான்.

ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்துக் கட்டி அனுப்பினார்கள். பேச்சி நடக்க ஆரம்பித்ததும் சுடலைமணியே கேட்டான். "ஊருக்குப் போறியாலே?"

பேச்சி அண்ணன் முகத்தைப் பார்த்தான். திட்டு வரவில்லை என்று தெரிந்ததும், "போறேண்ணே," என்றான்.

விமான நிலையத்தில் தம்பி நொண்டி நொண்டிப் போவதை அண்ணன் கண்ணாடி வழியே பார்த்தான். மலையிலிருந்து மீட்டவனை இப்படி வழியனுப்பத்தானா மீட்டோம் என்று நினைத்தான். ஆனால் ஒருமுறைகூட வா என்று சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் தம்பிதான் இறங்கி ஓடுவான். இன்று சுடலைமணி பையோடு கூட்டத்தில் நின்றான். ஒரு அம்மாள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வண்டி போனது, கூட்டம் கலைந்தது, தெருவில் அவன் மட்டும் நின்றான். இப்படித்தான் பேச்சி தினமும் நின்றானா என்று அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்தான்.

"என்னண்ணே? ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லலே. நீ அங்கனயே இரு," என்றான் சுடலைமணி. "பொங்கலுக்கு நான் வாரேன்."