3.25-க்கு ஒரு மெசேஜ்!

"அய்யய்யோ... மேனேசரு அய்யா!"

வள்ளித்தாயின் கையிலிருந்த டீத் தட்டு தரையில் விழுந்து உருண்டது.

மேனேஜர் கருப்பணன் தன் ரூமில், கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. கழுத்தில் நீல நிற கேபிள்... மூன்று சுற்று!

மணி சரியாக நான்கு.

2003 அக்டோபர். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு கம்பெனியில் தீபாவளி சீசன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த நேரம். அரை மணியில் இன்ஸ்பெக்டர் பொன்னுத்தங்கம் ஜீப்பிலிருந்து குதித்தார்.

"இந்த நீல கேபிள் யாருது?"

எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மஹ்ரீன்!

விருதுநகர்ப் பெண். எம்.சி.ஏ. கடைசி வருடம். ஆபீசின் நான்கு கம்ப்யூட்டர்களையும் கேபிளால் இணைத்து, ரூமுக்கு ரூம் மெசேஜ் அனுப்ப ஒரு சாட் ப்ரோக்ராம் எழுதியிருந்தாள். அதுதான் அவள் ப்ராஜெக்ட். பேரைக் கொடுத்தால் உள்ளே விடும். பாஸ்வேர்டு கேட்காது. ஆபீஸ் ஆட்களுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோகிறது என்று அவளே அதை எடுத்துவிட்டிருந்தாள். பாவி!

"கேபிள் என்னோடதுதான் மேடம். ஆனா நான் ஸ்டோர் ரூம்ல வேலையா இருந்தேன்..."

"யாரு பார்த்தா?"

"யாரும்... இல்ல."

"நான் காட்டுதேன் மேடம், இங்கன வாங்க" என்றான் தனுஷ்கோடி. முதலாளியின் மச்சினன். கம்பெனியில் ஆர்டர் பார்ப்பவன். பக்கத்து ரூம்தான் அவனுடையது.

அவன் கம்ப்யூட்டர் திரையில் மஹ்ரீனின் சாட் ப்ரோக்ராம் திறந்திருந்தது.

கருப்பணன், 3.25: மஹ்ரீன் வந்து சண்டை போடுறா. அப்புறம் பேசுறேன்.

"மூணே காலுலருந்து சாத்தூர் பார்ட்டி ஒருத்தரு என் எதிர்ல உட்கார்ந்திருந்தாரு மேடம். நான் எந்திரிக்கவே இல்ல. மெசேஜ் வந்ததும் ஸ்கிரீனைத் திருப்பி அவருக்கே காட்டுனேன். வேணும்னா போன் போட்டுக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் கேட்டார். பார்ட்டி 'ஆமாம்' என்றார்.

மஹ்ரீன் அந்த மெசேஜை மறுபடி படித்தாள். மூன்று இருபத்தைந்துக்கு மேனேஜர் உயிரோடு இருந்தார். அவர் கூட இருந்தது அவள். கேபிள் அவளுடையது. இனி யார் நம்புவார்கள்?

"ஸ்டேஷன் வண்டி வர்ற வரைக்கும் இவ இங்கனயே இருக்கட்டும். வெளிய விட்றாதீக." இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்க்கப் பக்கத்து ரூமுக்குப் போய்விட்டார்.

தனுஷ்கோடியும் மஹ்ரீனும் மட்டும்.

"உட்காரு பிள்ள. கோபத்துல செஞ்சுட்டேன்னு ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்துரு. முதலாளி பெரிய வக்கீலா வைப்பாரு. உங்க அத்தாவையும் ஸ்டேஷனுக்கு இழுக்க மாட்டாங்க."

அத்தா! காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டு, 'பார்த்துப் போ மகளே' என்று சொன்ன அத்தா.

மஹ்ரீன் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த 3.25-ஐ வெறித்தாள்.

மூன்று இருபத்தைந்து...

அந்நேரம் வானம் எப்படி இடித்தது! பட்டாசு கம்பெனியில் இடி சத்தம் கேட்டால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். வாட்ச்மேன் சங்கிலிமுத்து ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். இன்றைக்கும் இறக்கினார். மூன்று பத்துக்கு இறக்கியவர் மூன்று ஐம்பதுக்குத்தான் ஏற்றினார்.

"அண்ணாச்சி... அப்ப கரண்ட்டே இல்லையே?"

"கம்ப்யூட்டருக்கெல்லாம் யூ.பி.எஸ். இருக்குல்லா?"

"கம்ப்யூட்டருக்கு இருக்கு. ஹப்புக்கு இல்லையே!"

"என்னது?"

"வராண்டா சுவத்துல தொங்குதே, சின்னப் பெட்டி. நாலு கேபிளும் அதுலதான் சேரும். அதுக்குக் கரண்ட் இல்லைன்னா ஒரு மெசேஜும் ரூம் விட்டு ரூம் போகாது. அப்ப இந்த மெசேஜ் அடுத்த ரூம்லருந்து வரல. இந்த ரூம்லயே..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யாரிடம் போய் இதைச் சொல்கிறாள்!

க்ளிக்.

தனுஷ்கோடி கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

"படிச்ச பிள்ள. கண்டுபிடிச்சுட்ட."

"நீங்களா...?"

"மூணு மணிக்கே முடிச்சுட்டேன். நாளைக்கு சூலக்கரைக்குப் போறானாம், கலெக்டர் ஆபீசுக்கு. லைசென்ஸ் இல்லாத வீடுகளுக்கு நான் வெடிமருந்து விக்கிறதைச் சொல்லப் போறானாம். வேற என்ன செய்யச் சொல்லுத?"

"மேடம்கிட்ட சொல்லுவேன்!"

"யாரு நம்புவா? கத்திப் பாரு. ஏ.சி. ரூம், வெளிய கேக்காது. உன் செல்போன் கேட்ல இருக்கு. இங்கன யாரும் போனோட உள்ள வரக் கூடாதுல்லா?"

டிராயரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். மேஜையில் இருந்த டீயில் கொட்டினான். வெள்ளைப் பொடி!

"லெட்டரை அடி. அப்புறம் இதைக் குடி. பயந்துபோயி மருந்து ரூம் பொடியைத் தின்னுட்டான்னு நான் சொல்லிக்கிடுதேன்."

சாகப் போகிறோம் என்பது மஹ்ரீனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மவுஸைப் பிடித்தாள். திரையின் அடிப்பட்டையைப் பார்த்தாள்.

அங்கே ஒன்று இருந்தது!

மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அழுத்தினாள்.

"ம், அடி. 'நான்தான் கொன்னேன்'னு ஆரம்பி." மேஜைக்கு எதிர்ப் பக்கம் நின்றுகொண்டு அவன் சொல்லச் சொல்ல, அவள் அடித்தாள். வேக வேகமாக அடித்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணாச்சி."

"டீயைக் குடி."

டம்ளரைக் கையில் எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோனாள்...

தடால்!

கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து பறந்தது. கான்ஸ்டபிள் பாண்டி உள்ளே விழுந்தார். பின்னாலேயே இன்ஸ்பெக்டர்!

"டம்ளரைக் கீழ வைம்மா!"

மஹ்ரீன் வைத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

"மேடம்... என்ன இது?" தனுஷ்கோடி குழறினான்.

"அடுத்த ரூம்ல பிணத்துக்குப் பக்கத்துல நிக்கேன். அவரு கம்ப்யூட்டர்ல டிங்குன்னு ஒரு சத்தம். பார்த்தா..." இன்ஸ்பெக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "'கருப்பணன்: என்னைக் கொன்னது தனுஷ்கோடி. இப்ப மஹ்ரீனுக்கு டீயில விஷம் வைக்கான். கதவை உடைச்சு வாங்க.'"

"பொய் மேடம்! செத்தவன் எப்படி அனுப்புவான்? எல்லாம் இவ அடிச்சது! என் கம்ப்யூட்டர்லருந்து..."

"கருப்பணன் பேரு உங்க கம்ப்யூட்டர்ல எதுக்குய்யா திறந்து கிடக்கு?"

கதவுப் பக்கம் நகர்ந்த தனுஷ்கோடியைப் பாண்டி மடக்கிப் பிடித்தார்.

மஹ்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மைனஸை அமுக்குனா மூடாது, பெருக்கல் குறியை அமுக்குனாத்தான் மூடும்னு பத்துத் தடவை சொல்லிக் குடுத்தேன் மேடம். இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் கேக்கல. மேனேஜர் பேருல இவரு திறந்த சாட் கீழ சுருங்கித்தான் கிடந்துச்சு. இப்பதான் கரண்ட் இருக்கே... அடிச்சதும் அடுத்த ரூமுக்குப் போயிருச்சு."

விலங்கு பூட்டப்பட்டது.

"பாண்டி, எப்.ஐ.ஆர். எழுதணும். புகார் குடுத்தவரு பேரைக் கருப்பணன்னு போட்டுக்கோ."

"மேடம்! அவரு செத்துட்டாரே?"

"செத்தா என்னய்யா? ஆன்லைன்ல இருக்காருல்லா!"