எடை அதிகம்

லிஃப்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். கையில் ஒரு வாளி, துணி, கண்ணாடி சுரண்டும் தகடு. ஆனாலும் லிஃப்ட் எந்த மாடிக்கும் சேராமல் நடுவழியில் நின்று, "எடை அதிகம், ஒருவர் இறங்கவும்" என்றது.

கீழே காவல் மேசையில் இருந்த அண்ணியை இன்டர்காமில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மத்தியானம் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டியா?" என்று அண்ணி சிரித்தாள்.

"கூரை மேல என்னமோ ஊருது அண்ணி."

சிரிப்பு நின்றது. "கப்பல் சரக்கோட வந்துச்சே, அந்தப் பூச்சிதான். உசரமா எது நின்னாலும் மரம்னு ஏறுதாம். மருந்தடிக்கிறவர் இங்கதான் நிக்கிறாரு. விஷப் புகையாம். நீ இறங்கினாத்தான் லிஃப்டு குழிக்குள்ள விடுவாரு. மெக்கானிக் வர்ற வரைக்கும் சும்மா இரு."

சும்மா இருப்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. அதிலும், தலைக்கு மேலே ஆயிரம் பேர் காகிதத்தைக் கசக்குவது போலச் சத்தம் கூடிக்கொண்டே வர, காற்றாடித் துளை வழியே புளித்துப்போன சர்க்கரைப் பாகின் வாடை இறங்கித் தொண்டையில் ஒட்டிக்கொள்ள, கூரைத் தகடு கண்ணெதிரே மெல்ல உள்வாங்கியபோது, அவள் வாளியை வைத்துவிட்டுச் சுரண்டும் தகட்டை எடுத்தாள்.

"கதவ நெம்பி நானே இறங்கிடறேன் அண்ணி."

தகட்டைச் செருகி நெம்பினாள். கதவு ஒரு சாண் திறந்தது. எதிரே சிமென்ட் சுவர்.

சுவர் அசைந்தது.

கதவை இழுத்தாள். மூடவில்லை. தரை முழுக்கச் சாம்பல் நிற இறக்கைகள். லிஃப்டின் சுவர்களில் ஏறின. கூரையில் முட்டி விழுந்தன. பிறகு அவள் கால்களைக் கண்டுகொண்டன.

முழங்கால். இடுப்பு. கழுத்து.

கத்த வாயைத் திறந்தாள். நாக்கின் மேல் கால்கள் ஊர்ந்தன. துப்பிவிட்டு உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

"இறங்கிட்டியாடி?" என்றாள் அண்ணி.

அவள் சுவரில் குத்தினாள். அப்பிக்கிடந்த பூச்சிகள் மெத்தென்று நசுங்கின. சத்தம் எழவில்லை.

"கதவு தெறந்திருக்குன்னு இங்க லைட் எரியுது. இறங்கிட்டா சார். நீங்க ஆரம்பிங்க."

லிஃப்டின் விளக்கு அணைந்தது. உச்சந்தலையை எட்டியவை, அதற்கு மேல் போக இடமில்லாமல் அவள் காலடியில் விழுந்து, மறுபடி ஏறத் தொடங்கின. இருட்டில், வாயை மூடியபடி அவள் நின்றாள். கீழிருந்து மருந்தின் வாடை மெல்ல ஏறியது.