அவள் பேர் மை

"ஒரே ஒரு எழுத்தா?"

கேட்டுவிட்டுச் சிரித்தான், படுபாவி! லாஸ்பேட்டையில் வண்டிக்குப் பேர் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடை. வெளியே கொட்டும் மழை. உள்ளே, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடி அவள்...

"ஆமா. மை. அதான் என் பேரு. ஒட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"மைதிலியா, மைவிழியா? முழுசா சொல்லுங்க மேடம்."

"முழுசாத்தான் சொல்றேன்! எங்க தாத்தாவோட அம்மா சைகோன்காரங்க, அவங்க பேரு இது. வியட்நாம்ல மைன்னா புத்தாண்டுக்குப் பூக்குற மஞ்சப் பூ. ஸ்கூல்ல பிரெஞ்சு டீச்சர் நோட்டுல Mai-ன்னு எழுதியிருக்கறதப் பாத்துட்டு 'மே'ன்னு கூப்புடுவாங்க, அவங்களுக்கு அது மே மாசம். தெரியாம சிரிக்காதீங்க!"

கடைக்கார இளம்பரிதிக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் கண்கள்... கோபத்தில்கூட என்ன அழகு!

"தமிழ்ல மைன்னா கண்ணுக்கு இடுறது," என்றான் மெல்ல. "உங்களுக்கு அது தேவையே இல்லீங்க."

முறைத்தாள். ஆனால் மழை விட்ட பிறகும் கிளம்பவில்லை.

அப்புறமென்ன... ஸ்டிக்கர் உரிந்துவிட்டதென்று அடிக்கடி வந்தாள். உரியாத ஸ்டிக்கரை அவனும் மறுபடி மறுபடி ஒட்டினான். கடைசியில் அவன் அம்மா நிர்மலா முறையாக வந்து பெண் கேட்டார்.

மூலக்குளத்தில், மையின் வீட்டில் நிச்சயதார்த்தம். ஐயர் லக்னப் பத்திரிகையைச் சபைக்குப் படித்தார்.

"சிரஞ்சீவி இளம்பரிதிக்கும், சௌபாக்கியவதி சுபலட்சுமிக்கும்..."

மை இளம்பரிதியைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டான். தெரியும்! இவனுக்கு முன்னாடியே தெரியும்!

எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க ஐயரே! அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல."

சபை சலசலத்தது. நிர்மலாதான் பேசினார்.

"வீட்டுக்கு வர்ற பொண்ணுக்குப் பேரு மாத்துறது எங்க வழக்கம்மா. எனக்கும்தான் நிர்மலான்னு வச்சாங்க."

"அதுக்கு முன்னாடி உங்க பேரு என்ன அத்த?"

"வேம்பு..." சொன்ன குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"நல்ல பேரு. அதையே உங்ககிட்டேருந்து புடுங்கிட்டாங்களே! என் பேர நான் தர மாட்டேன். வேணும்னா கல்யாணத்த நிறுத்திக்குங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவனை அவ்வளவு பிடித்திருந்தது. இருந்தும் உட்காரவில்லை.

இளம்பரிதி எழுந்தான்.

"அம்மா மனசு நோகக் கூடாதுன்னு வாய மூடிட்டு இருந்துட்டேன். தப்புதான்." குரலை உயர்த்தினான். "சுபலட்சுமி யாருன்னே எனக்குத் தெரியாது. நான் ஆசப்பட்டது இந்த மை மேல. கட்டுனா இவளத்தான் கட்டுவேன், இந்தப் பேரோடதான்!"

நிர்மலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயரே, பொண்ணு பேர மைன்னே படிங்க. அப்புடியே... மாப்பிள்ளையோட அம்மா பேரு வேம்புன்னு படிங்க."

சபை மறுபடி சலசலத்தது. மை நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கும் உங்க மேல உசுருதான்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆனா இன்னொரு தடவ வாய மூடிட்டு ஒக்காந்தீங்க... அவ்ளோதான்!"