கழற்றத் தெரிந்தவர்

ஞாயிறு, காலை பத்து மணி. வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே கார் நிறுத்துமிடத்தில், கலீல் ரகுமான் தன் அக்கா மகள் சபீனாவின் கிளம்பாத காரில் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“என்ன மாமா?”

“பேட்டரி இல்ல சபீ.”

“இல்லன்னா? செத்துப்போச்சா?”

“இல்லவே இல்ல. எடம் காலியா கெடக்கு.”

சபீனா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் தந்தையை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காகத்தான் இந்த ஹைப்ரிட் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தாள். பாதி பெட்ரோல், பாதி மின்சாரம், செலவே தெரியாது என்று தரகர் சொன்னார். வாங்கிய மாதமே பெரிய பேட்டரி போயிற்று. இந்த மாடல் வருவதே நின்றுவிட்டது என்றார்கள் அம்பத்தூரில். ஆவடியில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, உடனே மூடினார்கள். பூந்தமல்லியில் ஒருவர், “வித்துட்டு வேற வாங்குங்க” என்ற யோசனைக்கே காசு கேட்டார். திருமழிசையில் பட்டறை வைத்திருக்கும் மாமாதான் எங்கெங்கோ சொல்லிவைத்து ஒரு நல்ல பேட்டரியைப் பிடித்தார். நேற்று மாலை இங்கேயே வந்து பொருத்திக் கொடுத்தார். அதன்பின் சபீனா காரை ஒரே ஒரு முறை ஓட்டியிருந்தாள்.

பதினோரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் பஞ்சவர்ணம் வந்தார். கண்ணாடி உடையவில்லை. பூட்டில் கீறல் இல்லை.

“காரையே எடுத்துட்டுப் போயிருந்தா எனக்கு வேலை சுலபம்” என்றார் அலுப்புடன். “சாவி யார்கிட்ட இருக்கு?”

“ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு வாட்ச்மேன் ரூம்ல, ஆணியில தொங்கும். தண்ணி லாரி வந்தா வண்டிய நகத்தணுமே. எல்லா வீட்டுச் சாவியும் அங்கதான்.”

“அப்ப ஊருக்கே சாவி கொடுத்திருக்கீங்க.”

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிவராமன் முன்னால் வந்தார். “மேடம், ராத்திரி ஒரு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் கரண்ட் இல்ல. கேமராவும் அதோட நின்னது, இன்னும் ஓடல. அப்பதான் நடந்திருக்கு. இதைக் கழட்டத் தெரிஞ்சவர் இங்க யாரு இருக்கா? நேத்து மாட்டினவர்தான்.”

பஞ்சவர்ணம் கலீலைப் பார்த்தார். “ராத்திரி எங்க இருந்தீங்க?”

“பட்டறையில, தூங்கிட்டிருந்தேன்.”

“கூட யாரு?”

“யாரும் இல்லம்மா.”

“கொஞ்ச நேரம் ஜீப்ல உட்காருங்க.”

“மாமா எதுக்கு மேடம் திருடணும்? தேடிக் கொடுத்ததே அவர்தான்” என்றாள் சபீனா. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலீல் தலையைக் குனிந்து ஏறி உட்கார்ந்தார்.

பக்கத்து இடத்தில் உறைபோட்டு நின்றதும் அதே மாடல் கார், அதே வெள்ளை. அது இரண்டாம் மாடியில் இருக்கும் கௌதமுடையது. ஐ.டி.க்காரன், தேனியிலிருந்து வந்தவன். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்த அவனிடம் பஞ்சவர்ணம் கேட்டார்.

“உங்க வண்டி ஓடுதா?”

“ஏழு மாசமா ஓடல மேடம். அதே பேட்டரி பிரச்சனைதான்.”

“ராத்திரி?”

“ஆபீஸ் கால். இன்வெர்ட்டர் போட்டு அஞ்சு மணி வரைக்கும் வீடியோல இருந்தேன், டீமே சாட்சி. அப்புறம் படுத்தேன். இப்ப சத்தம் கேட்டுத்தான் எழுந்து வர்றேன்.”

கூட்டிப் பெருக்கும் அங்கம்மாவையும் கூப்பிட்டுக் கேட்டார்.

“நான் ஆறு மணிக்கே வந்துட்டேம்மா. புதுசா யாரும் வர்ல. பால்காரரு, பேப்பர் போடறவரு, கார் நோண்டிகினு கீற தம்பி. எப்பவும் போலத்தான்.”

எழுதிக்கொள்ள ஒன்றுமில்லாமல் பஞ்சவர்ணம் சபீனாவின் காரில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டு பட்டனை அழுத்தினார். எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன. நடுவில் கடிகாரம் ஐந்தரை காட்டியது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு.

“உங்க கார்ல மணி எப்பவும் தப்பாத்தான் ஓடுமா?”

“இல்லையே. நேத்து மாமா முடிச்சதும் நான்தான் சரியா வெச்சேன்.”

பஞ்சவர்ணம் ஜீப்புக்குப் போனார். “பெரிய பேட்டரியைக் கழட்ட முதல்ல என்ன செய்யணும்?”

“பின்னாடி ஒரு சின்ன பேட்டரி இருக்கும்மா. அந்த ஒயர எடுத்துடணும். இல்லன்னா உயிருக்கு ஆபத்து.”

“வேலை முடிஞ்சா திரும்ப மாட்டணுமா?”

“மாட்டினாத்தான் கதவு ரிமோட்ல பூட்டும்.”

“மாட்டினதும் கடிகாரம்?”

கலீல் நிமிர்ந்து பார்த்தார். “ஒரு மணியிலிருந்து புதுசா ஓட ஆரம்பிக்கும்.”

பஞ்சவர்ணம் எல்லோரையும் கார்களுக்கு நடுவில் வரச்சொன்னார்.

“ஒரு மணியில ஆரம்பிச்ச கடிகாரம் இப்ப அஞ்சரை காட்டுது. ஓடினது நாலரை மணி நேரம். அப்படின்னா வேலை முடிஞ்சது இன்னைக்குக் காலைல ஏழரைக்கு. கரண்ட் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நல்ல வெளிச்சத்துல, அங்கம்மா பெருக்கிட்டு இருக்கும்போதே நடந்திருக்கு. அங்கம்மா, கார் நோண்டுற தம்பின்னீங்களே, அது யாரு?”

“இதோ, இந்தத் தம்பிதான். நாயித்துக்கெழமன்னா பின் சீட்டுல தலைய உட்டுகினு ஏதாச்சும் பண்ணிகினே இருக்கும்.”

“எந்தக் கார்ல?”

“ரெண்டும் ஒரே வெள்ளையா கீது. எனக்கு இன்னா தெரியும்?”

“அவர் அஞ்சு மணிக்குப் படுத்து, இப்பதான் எழுந்தேன்னு சொன்னார்” என்ற பஞ்சவர்ணம் கௌதமிடம் கையை நீட்டினார். “உங்க சாவி.”

“ஓடாத வண்டி மேடம்.”

“பரவாயில்ல.”

உறையை விலக்கி, உள்ளே உட்கார்ந்து, பட்டனை அழுத்தினார். எந்தச் சத்தமும் இல்லை. கிளம்பத் தயார் என்று பச்சை விளக்கு எரிந்தது. கியரைப் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஏழு மாதமாக நின்ற கார் சத்தமில்லாமல் ஓரடி நகர்ந்தது.

கௌதம் தூணில் சாய்ந்துகொண்டான். “அது எனக்கு வரவேண்டிய பேட்டரி மேடம். வேணும்னா அவரையே கேளுங்க.”

கலீல் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். “மொதல்ல சொல்லிவெச்சது இவர்தான்மா. கெடைச்சது ஒண்ணு. அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுல குலுங்கறதப் பாத்தேன். இவர்கிட்ட இன்னும் வரலைன்னு சொல்லிட்டேன்.”

“வாராவாரம் போன் பண்ணேன்” என்றான் கௌதம். “வரலை, வரலைன்னார். நேத்து பால்கனிலேர்ந்து பாக்கறேன், இவங்க வண்டில மாட்டிட்டு இருக்கார். ராத்திரி கால்ல யாரு என்ன பேசினாங்கன்னே தெரியல. விடிஞ்சதும் வாட்ச்மேன் ரூம்லேர்ந்து இவங்க சாவிய எடுத்துட்டு வந்துட்டேன். ஏழு மாசமா வீடியோ பாத்துப் பாத்து, கழட்ட எனக்கே தெரியும்.”

சபீனா மாமாவைப் பார்த்தாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ வாங்கியிருக்க மாட்ட.”

அவள் பஞ்சவர்ணத்திடம் திரும்பினாள். “நாளைக்கு அத்தாவுக்கு டயாலிசிஸ். மாமாவ இப்பவே மாட்டிக் கொடுக்கச் சொல்லலாமா?”

“அது இனிமே வழக்குச் சொத்தும்மா. கழட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகணும். நீங்க கோர்ட்ல மனு போட்டு வாங்கிக்கணும்.”

“எவ்வளவு நாளாகும்?”

பஞ்சவர்ணம் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “என்னைக் கேட்டா?”

ஜீப் ஓட்டி வந்த காவலர் கௌதமின் காரில் பின் சீட்டுக்கு அடியில் கையை விடப்போனார். கலீல் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். “தொடாதீங்க சார். ஆளையே கொன்னுடும்.” பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, சின்ன பேட்டரியின் ஒயரை விடுவித்தார். பிறகு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பேட்டரி, ஒரே ஆள் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கௌதம் வந்து மறுபக்கம் குனிந்திருந்தான்.

“முதுகு பத்திரம் தம்பி” என்றார் கலீல்.

இருவரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்கள். சபீனா முன்னால் போய் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.